பொழிமுகத்து இரை

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியம் தாண்டியதும் கிழக்கே மலைப்பக்கம் கறுத்துவரும். மூன்று, நாலு மணிக்குள் இடியோடு ஒரு மழை. இங்குள்ளவர்கள் துலாவர்ஷம் என்பார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை. அந்த ஒரு மணி நேரத்தில் பழவங்காடி கணபதி கோயில் முன்பும் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தங்களிலும் தம்பானூர் ரயில் நிலையத்து வாசலிலும் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிவிடும். சிதறு தேங்காயின் சில்லுகள் அதில் மிதக்கும். ஜனங்கள் கடைத் திண்ணைகளில் ஒதுங்கி, எப்போது வடியும் என்று பார்த்து நிற்பார்கள். வடிந்து எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அதற்கு ஒரு வழி உண்டு. ஆமயிழஞ்சான் தோடு என்று பெயர். வானாய்வுக்கூடம் இருக்கும் குன்றிலிருந்து இறங்கி, தம்பானூர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் இருட்டில் ஓடி, பழவங்காடிக்குப் பின்புறம் தகரப்பறம்பில் தலைகாட்டி, வஞ்சியூர், பாற்றூர், கண்ணம்மூலை என்று நகரத்துக்குள் வளைந்து ஆக்குளம் காயலில் சேர்கிறது. ஆக்குளத்தை அடுத்து வேளி. வேளிக் காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அது உடைந்தால் பொழிமுகம், அடைந்தால் கடற்கரை. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் இந்த வடிகால்களின் மேல் ஏறியிருந்த ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள். கொஞ்ச காலம் தண்ணீர் சீராக வடிந்தது. 2024 ஜூலையில் ரயில் பாதைக்கு அடியில் குப்பை அள்ள இறங்கிய ஒரு தொழிலாளியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் தகரப்பறம்பில் உடல் கிடைத்தது. நகரமே கலங்கி நின்ற நாட்கள் அவை. நகரத்துக்குள் இருக்கும் நமக்கு இந்தத் தோடு சாக்கடை. அது பொங்கும்போது மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. அதன் கடைசி முனையில், வேளிப் பொழிமுகத்தில், அதையே நம்பி இரை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நவம்பரில் வெட்டுக்காடு தேவாலயத்தில் கிறிஸ்து ராஜா திருவிழா நடக்கும். அதையொட்டிய நாட்களின் விடியற்காலையில் அங்கிருந்து வேளிப் பக்கம் நடந்தால் வீச்சுவலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்து நிற்கும் ஆட்களைக் காணலாம். கறிக்கு மீன் பிடிப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் சிலர் நிற்பது வேறு காரியத்துக்கு. அன்று தூண்டில் தொழிலுக்குப் போகும் வள்ளத்துக்கு இரை வேண்டும். நெய்மீனுக்கும் பாரைக்கும் சீலாவுக்கும் கொடுவாவுக்கும் உயிரோடு துடிக்கிற இரைக்கு ஈடு இல்லை. பொழிக்கு உட்புறம் மடவை கிடைக்கும். இங்கே அதைக் கணம்பு என்றும் திருத என்றும் சொல்கிறார்கள். வெளிப்புறம், ஆற்றுநீர் கடலோடு கலக்கும் விளிம்பில், நேரம் வாய்த்தால் சாளை.

சாளை என்றால் ஐப்பசி கார்த்திகையின் பெருஞ்சாளை. தென்மேற்குப் பருவமழையில் முட்டையிட்டுப் பெருகும் இனம் இது. மழை ஓய்ந்த பிறகு கடலில் நிறைந்திருக்கும் நுண்ணுயிர்களைத் தின்று, இந்த மாதங்களில் உடம்பெல்லாம் நெய் வைக்கிறது. இந்தச் சாளையை வாட்டினால் சட்டியில் எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. அதன் நெய்யே போதும். தூண்டிலில் மாட்டிக் கடலில் இறக்கினால் அந்த நெய்தான் தண்ணீரில் கசிந்து, பெரிய மீனுக்குத் தூரத்திலிருந்தே தாக்கல் சொல்கிறது. அமெரிக்க ஏரிகளிலும் கழிமுகங்களிலும் குளிர் தொடங்கும் மாதங்களில் ஷாட் என்ற மீனை இதே போன்ற வீச்சுவலையால் பிடித்து இரையாக்குகிறார்கள். அந்த ஷாட்டும் நம் சாளையும் சூடையும் உல்லமும் நெருங்கிய சொந்தக்காரர்கள். வெள்ளிச் செதில், பிளந்த வால், நெய்ப்பிடித்த சதை, எண்ண முடியாத முள். பெரிய மீன்கள் எல்லாவற்றுக்கும் இரையாகிற குடும்பம் இது.

வலை வீசுவதைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வட்டம் விரிவதுதான் கண்ணில் படும். படம் எடுப்பவர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். அந்த வட்டம் விரிவதற்கு முன்னால் நிற்கும் நேரம்தான் தொழில் என்று எனக்குச் சொன்னவர் எழுபதைத் தாண்டிய ஒரு வலைக்காரர். குமரிக் கடற்கரையிலிருந்து பெண் எடுத்து, அந்தப் பக்கத்துப் பேச்சும் வாயில் ஏறியவர். ஒரு காலையில் நான் அவர் பக்கத்தில் நின்று, கலங்கல் நீரில் மீன் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மக்கா, மீனத் தேடாத. மீனு மேல வந்தா எல்லாவனுக்கும் தெரியும். நீருக்க நெறம் எங்க மாறுதுன்னு பாரு.”

“எங்க பாத்தாலும் செம்மண் நெறமாத்தானே இருக்கு அண்ணே?”

“அது மேல. நேத்து பேஞ்ச மழைக்க வெள்ளம். சாளைக்கு அது ஆவாது. அடியில உப்பு கெடக்கு, அதுலதான் நிக்கும்.”

“அடியில நிக்கது எப்படித் தெரியும்?”

“நீர்க்காக்கா முங்குதுல்லா? எம்புட்டு நேரங்கழிச்சு வருதுன்னு பாரு. சட்டுனு வந்தா மேல உண்டு. நேரமாச்சுன்னா ஆழத்துல.”

அவர் சொன்னதில் முழு இயற்பியலும் இருந்தது. நன்னீர் எடை குறைந்தது, உப்புநீர் கனமானது. துலாமழையில் பொழி உடைந்து ஓடும்போது நகரத்து நீர் மேலே விரிப்பாகப் பரவுகிறது. கடல்நீர் ஆப்பு வடிவில் அதன் அடியில் நுழைகிறது. கடல்மீன் அந்த அடி நீரோடு வரும். குளிர்நாட்டு ஏரிகளில் மேல்நீர் குளிர்வதால் பெரிய ஷாட் ஆழத்துக்கு இறங்குகிறது. இங்கே மேல்நீர் உப்பற்றுப் போவதால் பெருஞ்சாளை இறங்குகிறது. காரணம் வேறு, வலைக்காரனின் சிக்கல் ஒன்றுதான். ஆழத்தில் நிற்கும், வேகமாகப் பாயும், பெரிய மீனின் மேல் வலை மூடியாக வேண்டும்.

அதற்கு ஏற்றபடிதான் வலை. பொடி மீனுக்கு வீசும் சின்னக் கண்ணி வலை இதற்கு உதவாது. சின்னக் கண்ணியில் தண்ணீர் எளிதில் புகுந்து வெளியேறாது; வலை குடை பிடித்து மெல்ல இறங்கும். அதற்குள் பெருஞ்சாளை மூன்று பாகம் தள்ளிப் போயிருக்கும். கண்ணி அகலமாக வேண்டும், விளிம்பில் ஈயமணி நெருக்கமாக வேண்டும். ஆனால் கண்ணி ரொம்ப அகன்றால் மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். கறிக்குப் பிடிப்பவருக்கு அது லாபம். இரைக்குப் பிடிப்பவருக்கு அது செத்த மீன். ஆக, அந்தப் பருவத்துச் சாளையின் தலையைவிட ஒரு நூல் சிறிய கண்ணி. அந்தக் கண்ணிக்குத் தாங்குகிற ஈயம். வலை நாலைந்து கிலோ கனக்கும். நனைந்தால் இன்னும் கூடும்.

வீச்சு இப்படி: கைக்கயிற்றின் சுருக்கு இடது மணிக்கட்டில். கயிற்றைச் சுருட்டி அதே கையில் பிடித்து, வலையின் மேற்பாதியையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தொங்குகிற விளிம்பில் ஒரு பகுதியை இடது முழங்கைக்கு மேல் போட்டு, ஒரு மணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தில் பாதியை வலது கையில் அள்ள வேண்டும். அப்புறம் இடுப்பு திரும்புகிறது. கைகள் இடுப்புக்குப் பின்னால்தான் வருகின்றன. வலது கை முதலில் விடுகிறது, பிறகு பல், கடைசியில் முழங்கை. இந்த வரிசை பிசகினால் வலை பிறை வடிவில் விழும். வரிசை சரியானால் விளிம்பு முழுக்க ஒரே சமயத்தில் நீரைத் தொடும். தகரத்தின் மேல் அரிசியைக் கொட்டினாற்போல ஒரு சத்தம் எழும். பிறகு காத்திருக்க வேண்டும். ஈயம் தரை தொட்டதைக் கயிறு சொல்லும். அதற்கு முன்னால் இழுத்தால் மீன் அடி வழியே போய்விடும். தொட்ட பிறகு மெல்ல, மிக மெல்ல, ஈயமணிகள் மண்ணில் உரசியபடி ஒன்றையொன்று நெருங்கி வரும்படி இழுக்க வேண்டும். விளிம்பு உள்பக்கம் மடிந்து பையாக நிற்கும். அதை மடி என்கிறார்கள். அந்த மடியில்தான் மீன் வந்து விழும்.

பல்லில் ஈயத்தைக் கடிப்பது எனக்கு உறுத்துகிற விஷயம். ஈயம் உடம்பில் சேர்கிற நஞ்சு. சேர்ந்தது எளிதில் வெளியேறுவதில்லை. பத்து வயதில் வலை எடுத்தவர்கள் அறுபது வருஷம் அதைக் கடித்திருக்கிறார்கள். தோளில் ஒரு சுற்றைப் போட்டுப் பல் தொடாமல் வீசும் முறையும் இருக்கிறது. மணியைக் கடிக்கும் இடத்தில் மட்டும் துணி சுற்றிக்கொள்ளலாம். கடற்கரைக்கு வந்து வாழ்வாதாரம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தாலே பெரிய உதவி.

இந்தக் குடும்பத்து மீன்களுக்குக் காது மிகக் கூர்மை. உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து ஒரு நுண்குழல் உட்காதுவரை போகிறது. தண்ணீரின் சின்ன அதிர்வும் அதில் எட்டும். அமெரிக்க ஷாட் மீனுக்கு மனிதக் காதுக்கு எட்டாத உச்ச அலைகளும் கேட்கும் என்று 1990களில் கண்டறிந்தார்கள். தன்னை வேட்டையாடும் டால்பினின் ஒலியைக் கேட்டு ஒதுங்கவே அந்தக் காது என்பது ஆய்வாளர்கள் கருத்து. சாளைக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் வலைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது வாளியைக் கல்லில் இடிக்கக் கூடாது, மணலில் தொப்பென்று குதிக்கக் கூடாது. ஒருமுறை நான் இருமினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

மீன் வலைக்குள் வந்த பிறகுதான் இரை பிடிக்கும் வேலை கறிமீன் பிடிக்கும் வேலையிலிருந்து முற்றிலும் பிரிகிறது. கறிமீனைக் கொட்டிவிட்டு அடுத்த வீச்சுக்குப் போகலாம். இரைமீனை அப்படித் தொட முடியாது. சாளையின் செதில் விரல் பட்டாலே உதிரும். செதில் உதிர்ந்த இடத்தில் உப்புநீர் உடம்பின் நீரை உறிஞ்சுகிறது; அந்த மீன் சற்று நேரம் நீந்தி, பக்கவாட்டில் சாய்ந்து, செத்துப்போகும். அதனால் வலையை மணலில் இழுக்காமல், தண்ணீர் இருக்கும்போதே மடியைத் திறந்து, வாளிக்குள் மீன் தானாக நழுவும்படி விடுகிறார்கள். தொட்டாக வேண்டுமென்றால் நனைத்த கை. வாளியும் உருண்டையாக இருக்க வேண்டும். சாளை நிற்காமல் நீந்துகிற மீன். நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீர் பாயும். சதுரத் தொட்டியில் போட்டால் மூலையில் போய் முட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சடைத்துச் சாகும். வட்டத்தில் விட்டால் எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நுரைக்கத் தொடங்கினால் மாற்ற வேண்டும். மீன் விடும் கழிவே அதற்கு விஷம். ஒரு வாளியில் இருபது சாளை என்றால் இருபதுதான். நாற்பது போட்டால் நாற்பதும் சாகும். வலையில் அதற்குமேல் வந்ததை அவர் அங்கேயே திருப்பி விடுவார். பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. வாளிக்கு அவ்வளவுதான் தாங்கும். ஆனால் அந்த வாளியின் அளவில் அடங்குகிற மீன்பிடி இன்று வேறு எங்கே இருக்கிறது என்று நான் யோசித்திருக்கிறேன்.

இதே நுட்பத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் மினிக்காய் தீவுக்குப் போக வேண்டும். நம் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அங்கே சூரை மீனை வலையில் பிடிப்பதில்லை. கழியில் தூண்டில் கட்டி, ஒவ்வொன்றாகச் சுண்டிப் படகுக்குள் எறிகிறார்கள். சூரைக் கூட்டத்தைப் படகைச் சுற்றி நிறுத்திவைக்க உயிருள்ள பொடிமீனைக் கடலில் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரையைக் காலையில் காயலின் பவளப்பாறைகளுக்கு நடுவே தூக்குவலையால் பிடிக்கிறார்கள். அதில் முக்கியமான ஒன்று ஹொந்தெலி என்ற வெள்ளிப் பொடிமீன். அதுவும் சாளைக்குத் தூரத்து உறவு. படகின் அடிவயிற்றில் இரைக்கென்று ஓர் அறை. அதன் தரையில் துளைகள். கடல் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருக்கும், படகு மூழ்காது. இப்படிப் பிடித்த சூரையை வேகவைத்து, புகையிலும் வெயிலிலும் காயவைத்தால் மாசி. தேங்காயோடு இடித்துச் சம்பல் செய்கிறோமே, அந்த மாசி. இரை கிடைக்காத நாளில் சூரை எத்தனை துள்ளினாலும் படகு சும்மா திரும்பும். மினிக்காயில் இரை மீன் அருகிவருவது பற்றி மீன்வள ஆய்வாளர்கள் பல வருஷமாக எழுதிவருகிறார்கள்.

நம் புராணங்கள் வலை வீசியதைப் பாடியிருக்கின்றன. மதுரை ஈசனே வலைஞனாக வந்து பெருஞ்சுறாவைப் பிடித்த கதை திருவிளையாடலில் உண்டு. நாகப்பட்டினத்து அதிபத்தர் வலையில் வந்த முதல் மீனை நாள்தோறும் கடலில் விட்டவர்; கடைசியில் பொன்மீன் வந்தபோதும் விட்டார். சுறாவுக்கும் பொன்மீனுக்கும் கதை இருக்கிறது. வாளிச் சாளைக்குக் கதை இல்லை. அதைக் கண்டுகொண்டவர் ஹெமிங்வே. 1952இல் வந்த ‘கிழவனும் கடலும்’ பெரிய மீனின் கதை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்தக் கிழவனுக்குச் சாளை கொண்டுவந்து கொடுப்பவன் சிறுவன். கிழவனின் வீட்டில் வீச்சுவலை இல்லை, எப்போதோ விற்றாயிற்று. வறுமையை அவர் சொல்லிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். வீச்சுவலையை விற்ற மீன்காரன் இரைக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியவன்.

ஷாட் குடும்பத்தில் நமக்கு மிக நெருக்கமாக இருந்து இல்லாமல்போனது உல்லம். வங்காளத்தில் அதைத்தான் இலிஷ் என்று கொண்டாடுகிறார்கள். கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறிவந்த காலம் உண்டு. கொள்ளிடத்தில் கட்டிய கீழணை வழியை மறித்ததால், மீன் ஏறுவதற்குப் படிகள் கட்டிப் பார்த்தார்கள். 1907இல் சென்னை மாகாண மீன்துறையைத் தொடங்கிய சர் பிரடெரிக் நிக்கல்சன் காலத்தில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவும் முயன்றார்கள். படி ஏறவில்லை மீன். 1934இல் மேட்டூர் அணை வந்தது; வெள்ளமே வராத ஆற்றில் உல்லம் ஏறுவதற்கு என்ன இருக்கிறது? அணையால் விளைந்த நெல் எத்தனையோ வீட்டில் அடுப்பெரித்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே போய்வருகிற உயிர்கள் எவை என்று கதவைப் போடும்முன் யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு எடுத்தார்கள்.

சாளையின் கதை வேறு மாதிரி. அது ஆற்றில் ஏறுவதில்லை. கடலே அதன் வீடு. 2012இல் கேரளக் கரையில் 3.9 லட்சம் டன் சாளை இறங்கியது என்று மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொன்னது. 2021இல் அது 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு அடுத்த வருஷமே மறுபடி லட்சம் டன்னைத் தாண்டியது. கடலின் சூடு, மழையின் தவறு, எல் நினோ என்று ஆய்வாளர்கள் காரணங்கள் சொல்கிறார்கள். இந்த மீன் இயல்பாகவே ஏறியிறங்கும் இனம்தான். ஆனால் இறங்கும் நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பது இயல்பின் கணக்கில் சேராது. குஞ்சுச் சாளையை அள்ளி மீன்தூள் ஆலைக்கு அனுப்புகிறோம். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று கேரள அரசு விதித்திருக்கிறது. சாளை பருவமடைவது சுமார் 15 சென்டிமீட்டரில். இடையில் இருக்கும் அந்த ஐந்து சென்டிமீட்டரைப் பற்றி மேடையில் பேசக் கேட்டதில்லை. பெரிய கண்ணி வலையோடு நிற்கும் வேளிக்காரர் அந்த ஐந்து சென்டிமீட்டருக்கு எப்போதும் இடம் விட்டிருக்கிறார். சின்னது கண்ணி வழியே தானாகப் போய்விடும்.

தூண்டில் தொழில் மீன்பிடிகளில் மிகவும் அடக்கமானது என்று சொன்னால் இழுவைமடிக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு முள்ளுக்கு ஒரு மீன். தரையைச் சுரண்டுவதில்லை, பார் என்கிற கடலடிப் பாறையை உடைப்பதில்லை, வேண்டாத குஞ்சு வருவது குறைவு. விழிஞம், பூந்துறைக்காரர்கள் கரையிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் நிறுத்திப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாரைக் கடலுக்கு நடுவே கண்டுபிடிப்பார்கள். கணிச்சம் என்று அந்தக் கலைக்குப் பெயர். தூத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆயிரங்கால் தூண்டிலோடு குஜராத் கடல்வரை போய்வருகிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் திரண்டது இந்த மக்களின் கடலில்தான். 29ஆம் தேதி கரையை விட்டுச் சென்றவர்களுக்கு, 30ஆம் தேதி வந்த புயல் எச்சரிக்கை எட்டவில்லை. சிறு படகுகளில் இரவுத் தொழிலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. கார்த்திகை மாதத்துக் கடலைப் பற்றி எழுதும்போது அதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நிச்சயமற்ற தொழிலில் அவர்கள் கையில் நிச்சயமாக இருக்கக்கூடியது ஒன்றுதான்: கரையில் கிடைக்கும் நல்ல இரை. அதையும் நாம் பறித்துக்கொண்டிருக்கிறோம்.

பறிப்பது யாரும் திட்டமிட்டு அல்ல. பழவங்காடியில் எறிந்த பிளாஸ்டிக் பை ஆமயிழஞ்சான் தோட்டில் விழுந்து, ரயில் பாதைக்கு அடியில் சிக்கி, அடுத்த மழையில் பிய்த்துக்கொண்டு ஆக்குளத்துக்கு வருகிறது. ஆக்குளத்தில் பாசியும் ஆகாயத்தாமரையும் அதைப் பிடித்துவைக்கின்றன. பொழி உடையும்போது எல்லாம் சேர்ந்து வேளிக்கு. வலைக்காரர் இழுக்கும் மடியில் சாளைக்கு முன்னால் அதுதான் வருகிறது. பையின் கைப்பிடி ஈயமணியில் சுற்றிக்கொண்டால் விளிம்பு தரையை விட்டு எழும். அந்த இடைவெளி போதும், மீன் கூட்டம் மொத்தமாக வெளியேறிவிடும். அவர் திட்டுவதில்லை. மணியிலிருந்து பையைப் பிரித்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி வலையைக் கூட்டுவார். ஒரு காலையின் முடிவில் அவர் இடுப்பைச் சுற்றி நம் கடைத்தெருப் பெயர்கள் அச்சடித்த பைகள் தொங்கும்.

அதைவிடத் தீங்கானது கண்ணுக்குத் தெரியாதது. சாக்கடை கலந்த நீரில் மூச்சுக்காற்று குறைவு. மேலே அந்த நீர் மூடிக்கொள்ள, அடியில் நுழையும் உப்புநீரும் கலங்காமல் நின்றுவிட்டால், மீன் அந்த அடி நீரில் தங்காது. பொழி திறந்திருந்தால் அலையேற்றமும் இறக்கமும் அதைக் கழுவிவிடும். அடைந்திருந்தால் தேங்கும். நகரத்தில் வெள்ளம் ஏறும்போது மண்வாரி எந்திரத்தைக் கொண்டுவந்து வேளிப் பொழியை அவசரமாக வெட்டுகிறார்கள். அது தேவைதான், நானே கிழக்கேகோட்டையில் முழங்கால் தண்ணீரில் நின்று, வெட்டமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது, ஏற்றத்தில் வெட்டுவதா இறக்கத்தில் வெட்டுவதா, எவ்வளவு அகலம் என்பதற்கெல்லாம் அங்கே விடை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இறக்கத்தில் வெட்டினால் காயல் ஒரே பாய்ச்சலில் கடலுக்குள் ஓடி, உள்ளே கிடந்த சேறெல்லாம் வெளியே குவியும். மறுநாளே அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். வடக்கோரமாக வெட்டினால் நாள்கணக்கில் நிற்கிற வாய், தெற்கே வெட்டினால் நிற்காது என்று வலைக்காரர் மணலில் விரலால் வரைந்து எனக்குக் காட்டினார். கொண்டல் காற்று அடிக்கும்போது மணல் எந்தப் பக்கம் நகரும் என்பதை வைத்து அவர் போட்ட கணக்கு அது.

மழைக்கு முன்னால் வெள்ளத்தடுப்பு ஆலோசனைக் கூட்டம் நடப்பது வழக்கம். பொறியாளர்கள், மாநகராட்சியார், ரயில்வேக்காரர்கள், நீர்ப்பாசனத் துறையார் எல்லோருக்கும் அங்கே நாற்காலி உண்டு. தோடு தொடங்கும் இடத்தைப் பற்றியும் ரயிலடியைப் பற்றியும் பேசுகிறார்கள். தோடு முடியும் இடத்தில் பிழைக்கிறவர்களில் இரண்டு பேரை அந்த அறைக்குள் கூப்பிட்டு, பொழியை எந்த நாழிகையில், எந்தப் பக்கம் வெட்டினால் தம்பானூரும் வடியும், சாளையும் உள்ளே வரும் என்று கேட்க வேண்டும். அவர்கள் வரைபடம் கொண்டுவர மாட்டார்கள். மேசையில் கொஞ்சம் மணல் வைத்தால் போதும்.